பழைய வண்டிக்கு லாரி எஞ்சின்: மாற்றிப் பொருத்துவதன் விஞ்ஞானம்

மோட்டார் வண்டியின் எல்லாப் பாகங்களும் ஒரே காலத்தில் மூப்படைவதில்லை. நாள்தோறும் ஓடும் லாரியில் கூண்டும் அடிச்சட்டமும் முதலில் தளர்கின்றன. எஞ்சின் பழுது பார்க்கப்பெற்று மேலும் பல ஆண்டுகள் உழைக்கிறது. மாதத்தில் சில நாட்களே வெளியே செல்லும் வண்டிகளின் நிலை இதற்கு நேர்மாறானது. நடமாடும் மருத்துவ வண்டி, கிராமங்களில் படம் காட்டும் வண்டி, விஞ்ஞானக் கண்காட்சி வண்டி, படுக்கையும் அடுப்பும் அலமாரியும் அமைந்த வீட்டு வண்டி ஆகியவற்றில் கூண்டும் உட்புற அமைப்புகளும் நன்னிலையில் இருக்கும்போதே எஞ்சின் கைவிட்டுவிடுவதுண்டு. பெட்ரோலை அளவின்றிக் குடிக்கும் பழைய எஞ்சினாயின், அது கெடுவதற்கு முன்பே வண்டி கொட்டகையில் முடங்கிப் போகிறது.

அத்தகைய வண்டியில் லாரியின் டீசல் எஞ்சின் ஒன்றைப் பொருத்திவிட்டால் என்ன என்ற எண்ணம் இயல்பாகவே எழும். பெங்களூரின் கலாசிப்பாளையத்திலும் ஜே.சி. சாலையிலும் உள்ள பட்டறைகளையும் உதிரிப்பாகக் கடைகளையும் கண்டவர்களுக்கு இது எளிய காரியமாகவே தோன்றும். எஞ்சினை வண்டியில் ஏற்றி வைப்பது எளிதே. ஏற்றி வைத்த பின்னர் அந்த வண்டி மலைப்பாதையில் பத்திரமாக இறங்குமா என்பதே கேள்வி. இதற்கு விடை காண, பௌதிக பாடத்தின் எளிய விதிகள் சிலவற்றை நினைவிற் கொண்டாலே போதும்.

மாற்றத்தின் வரலாறு

ஒரு வண்டிக்கென அமைந்த எரிபொருளை விடுத்து வேறொன்றைப் பயன்படுத்துவது தென்னிந்தியாவுக்குப் புதிதன்று. இரண்டாம் உலக யுத்த காலத்தில் பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்தபோது, மரக்கரியிலிருந்து வாயு உண்டாக்கும் கலங்கள் பஸ்களின் பின்புறத்தில் பொருத்தப்பட்டன. டி.வி. சுந்தரம் அய்யங்காரின் நிறுவனம் தயாரித்த வாயுக் கலம் அவற்றுள் புகழ்பெற்றது. பஸ்கள் நின்றுபோகாமல் காத்தது இந்த ஏற்பாடே.

யுத்தம் முடிந்தபின் டீசல் எஞ்சினின் காலம் தொடங்கிற்று. இங்கிலாந்தின் பீட்டர்பரோ நகரில் 1932ஆம் ஆண்டில் பிராங்க் பெர்க்கின்ஸ் தொடங்கிய நிறுவனம், வேகமாகச் சுழலக்கூடிய சிறிய டீசல் எஞ்சின்களைச் செய்வதையே நோக்கமாகக் கொண்டது. 1937ஆம் ஆண்டில் அது வெளியிட்ட 'பி 6' என்னும் ஆறு சிலிண்டர் எஞ்சின் ஏறத்தாழ 4.7 லிட்டர் கொள்ளளவு உடையது. பெட்ரோல் லாரிகளின் எஞ்சினை எடுத்துவிட்டு அவ்விடத்தில் இதனை அமைப்பது பல நாடுகளில் வழக்கமாயிற்று. 1840ஆம் ஆண்டு முதல் சென்னையில் இயங்கிவந்த சிம்ப்சன் கம்பெனி 1950களில் பெர்க்கின்ஸ் எஞ்சின்களை இந்நாட்டிலேயே தயாரிக்கலாயிற்று. 1954ஆம் ஆண்டில் டாடா நிறுவனம் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸ் நிறுவனத்துடன் கூடி ஜாம்ஷெட்பூரில் டீசல் லாரிகளை உற்பத்தி செய்யத் தொடங்கியதும், பெட்ரோல் லாரி படிப்படியாக மறைந்தது. பின்னாளில் ஜீப் வண்டிகளும் அம்பாஸடர் கார்களும் இதே வழியில் சென்றன. பெட்ரோலில் ஓடிய பழைய அம்பாஸடர்களில் மாட்டடார் வண்டியின் டீசல் எஞ்சினைப் பொருத்தும் வேலையைப் பல ஊர்ப் பட்டறைகள் செய்துவந்தன.

அமெரிக்காவில் இதே கதை வீட்டு வண்டிகளில் நிகழ்ந்தது. 1970களில் அங்கு செய்யப்பட்ட வீட்டு வண்டிகள் பலவற்றில் 7 லிட்டருக்கும் மேற்பட்ட கொள்ளளவுடைய எட்டு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின்கள் இருந்தன. பெட்ரோல் மலிவாக இருந்த நாட்களின் படைப்புகள் அவை. அவற்றை வைத்திருந்தோர் சிலர் கம்மின்ஸ் நிறுவனத்தின் 5.9 லிட்டர் லாரி எஞ்சின் போன்றவற்றைப் பொருத்தி வண்டிகளுக்கு மறுவாழ்வு அளித்தனர். அதே குடும்பத்தைச் சேர்ந்த எஞ்சின்களைச் செய்யும் தொழிற்சாலை 1990களில் ஜாம்ஷெட்பூரிலும் நிறுவப்பட்டது.

இவ்வரலாற்றில் பெங்களூருக்குத் தனியிடம் உண்டு. 1951ஆம் ஆண்டில் தோன்றிய மோட்டார் இண்டஸ்டிரீஸ் கம்பெனி, அதாவது மக்கள் நாவில் 'மைக்கோ', ஆடுகோடியில் அமைத்த தொழிற்சாலையில் பெட்ரோல் எஞ்சினுக்கு வேண்டிய தீப்பொறிச் செருகிகளையும் டீசல் எஞ்சினுக்கு வேண்டிய எரிபொருள் பம்புகளையும் தயாரித்தது. இந்நிறுவனம் 2008ஆம் ஆண்டு முதல் பாஷ் என்னும் பெயரைத் தாங்குகிறது. இந்திய விஞ்ஞானக் கழகத்தின் உள்ளெரி எஞ்சின் துறையில் பேராசிரியர் ஹாவெமனும் அவருடைய சகாக்களும் 1950களின் நடுவில் டீசல் எஞ்சினில் ஆல்கஹாலைப் பயன்படுத்துவது பற்றி ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டனர். யுத்தத்துக்குப் பின் விமானத் தொழிற்சாலை பஸ் கூண்டுகளையும் ரயில் பெட்டிகளையும் செய்தது. இவையெல்லாம் மோட்டார்த் தொழிலில் தேர்ந்த கைகளை இந்நகரில் பெருக்கின.

இரு எஞ்சின்கள், இரு கொள்கைகள்

பெட்ரோல் எஞ்சினில் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவை சிலிண்டருக்குள் உறிஞ்சப்பட்டு, ஏழு அல்லது எட்டில் ஒரு பங்காக அமுக்கப்பட்டு, மின்பொறியால் பற்றவைக்கப்படுகிறது. டீசல் எஞ்சினில் காற்று மட்டுமே உட்செல்கிறது. அது ஏறத்தாழ பதினேழில் ஒரு பங்காக அமுக்கப்படுகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதை யாவரும் அறிவர்; அமுக்கப்படும் காற்று உஷ்ணம் அடைகிறது என்பதே அதன் பொருள். வெப்ப இழப்பே இல்லையெனக் கொண்டால், 27 டிகிரி உஷ்ணமுள்ள காற்று பதினேழில் ஒரு பங்காகும்போது 650 டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணத்தையும், வளிமண்டலத்தைப்போல் ஐம்பது மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தத்தையும் எய்தும். சிலிண்டர்ச் சுவர்கள் வெப்பத்தில் ஒரு பகுதியைக் கவர்ந்துகொண்டபோதிலும், எஞ்சிய உஷ்ணமே பம்பு பீச்சும் டீசலைப் பற்றவைக்கப் போதுமானது.

ருடால்ப் டீசல் 1897ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் நகரில் சோதித்துக் காட்டிய எஞ்சின், எரிபொருளின் வெப்பத்தில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேலாக வேலையாக மாற்றியது. அக்காலத்து நீராவி எஞ்சின்கள் அதனை நெருங்கவும் இயலவில்லை. இன்றைய லாரி எஞ்சின்களில் இப்பங்கு மேலும் உயர்ந்துள்ளது. இச்சிக்கனத்துக்கு உரிய விலை எடையாகும். பெரும் அழுத்தத்தைத் தாங்கவேண்டியிருப்பதால் டீசல் எஞ்சினின் வார்ப்பும் தண்டுகளும் தடித்தவை. மேற்கூறிய 5.9 லிட்டர் எஞ்சின் ஏறத்தாழ 500 கிலோகிராம் நிறையுள்ளது. அது இடம்பெயர்த்த 7 லிட்டர் பெட்ரோல் எஞ்சினோ ஏறத்தாழ 300 கிலோகிராமே. எஞ்சினை மாற்றும்போது எழும் சிக்கல்களுள் பெரும்பாலானவை, இந்த எடையிலிருந்தும் எஞ்சினின் மெதுவான சுழற்சியிலிருந்தும் பிறப்பவை.

எடை எங்கே விழுகிறது?

எஞ்சின் வண்டியின் முன்புறத்தில், முன் அச்சுக்கும் முன்னால் 40 சென்டிமீட்டர் தள்ளி அமைந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள தூரம் 4 மீட்டர். புதிய எஞ்சினால் 200 கிலோகிராம் எடை கூடுகிறது. நெம்புகோல் விதிப்படி பின் அச்சைத் தாங்குபுள்ளியாகக் கொண்டு கணக்கிட்டால், 200ஐ 4.4ஆல் பெருக்கி 4ஆல் வகுக்க, முன் அச்சின்மேல் கூடும் சுமை 220 கிலோகிராம் ஆகிறது. அதாவது கூடிய எடையைவிட 20 கிலோகிராம் அதிகம். அந்த 20 கிலோகிராம் பின் அச்சிலிருந்து குறைந்துவிடுகிறது.

முன் ஸ்பிரிங் பட்டைகள், சக்கரத் தாங்கிகள், டயர்கள், ஸ்டியரிங் அமைப்பு, முன் பிரேக் ஆகிய அனைத்தும் இந்த அதிகச் சுமையைத் தாங்கவேண்டும். ஸ்பிரிங்கில் ஒரு பட்டையைக் கூட்டுவதுடன் பலர் நின்றுவிடுகின்றனர். ஸ்பிரிங் தாங்கினாலும், அச்சுக்கும் டயருக்கும் உரிய உச்ச வரம்பு மாறுவதில்லை. ஆதலின் வேலை தொடங்குமுன் வண்டியை எடை மேடைக்குக் கொண்டுசென்று, ஒவ்வோர் அச்சின் சுமையையும் தனித்தனியே அறிந்து குறித்துக்கொள்ளுதல் வேண்டும்.

சுழற்சியும் முறுக்கு விசையும்

இரண்டு எஞ்சின்கள் 100 குதிரைத்திறன் உடையவை என்பதால் இரண்டும் ஒன்றே எனக் கருதிவிடலாகாது. குதிரைத்திறன் என்பது முறுக்கு விசையும் சுழற்சி வேகமும் சேர்ந்த பெருக்கம். முறுக்கு விசையைக் கிலோகிராம்-மீட்டரிலும் சுழற்சியை நிமிஷத்துக்கு இத்தனை சுற்று என்றும் கொண்டால், இரண்டின் பெருக்கற்பலனை 716ஆல் வகுக்கக் குதிரைத்திறன் கிடைக்கும்.

பெட்ரோல் எஞ்சின் 4,000 சுற்றில் 100 குதிரைத்திறன் தருமாயின் அதன் முறுக்கு விசை 17.9 கிலோகிராம்-மீட்டர். டீசல் எஞ்சின் அதே திறனை 2,500 சுற்றில் தருமாயின் அதன் முறுக்கு விசை 28.6 கிலோகிராம்-மீட்டர். ஒரு மீட்டர் நீளமுள்ள கைப்பிடியின் முனையில் 18 கிலோகிராம் படிக்கல்லைத் தொங்கவிடுவதற்கும் ஏறத்தாழ 29 கிலோகிராம் படிக்கல்லைத் தொங்கவிடுவதற்கும் உள்ள வேறுபாடு இது. பழைய கிளட்சும் கியர் பெட்டியும் முதலாவதற்கென அமைந்தவை. இரண்டாவதை அவற்றின்மேல் சுமத்தினால் கிளட்ச் வழுக்கும். அல்லது கியரின் பற்கள் உடையும். எனவே எஞ்சினுடன் அதே லாரியின் கிளட்சையும் கியர் பெட்டியையும் சேர்த்தே எடுத்துப் பொருத்துவது அறிவுடைமை.

அடுத்தது பின் அச்சின் பல் விகிதம். டயரின் ஆரம் 40 சென்டிமீட்டர் எனில், சக்கரம் ஒரு சுற்றில் 2.51 மீட்டர் செல்லும். பின் அச்சின் விகிதம் 5.5 ஆயின், பெட்ரோல் எஞ்சின் 4,000 சுற்றில் உயர்ந்த கியரில் மணிக்கு ஏறத்தாழ 109 கிலோமீட்டர் வேகத்தைத் தரும். அதே அச்சுடன் டீசல் எஞ்சின் 2,500 சுற்றில் 68 கிலோமீட்டர் வேகத்தையே தரும். ஓட்டுநர் எவ்வளவு மிதித்தாலும் வண்டி அதற்குமேல் போகாது, எஞ்சின்தான் கதறும். விகிதத்தை 3.7ஆக மாற்றினால் வேகம் 102 கிலோமீட்டராக உயர்கிறது.

இதனால் இழுவை குறைந்துவிடாதா என்னும் ஐயம் எழலாம். 17.9ஐ 5.5ஆல் பெருக்கினால் 98, 28.6ஐ 3.7ஆல் பெருக்கினால் 106. சக்கரத்தை அடையும் முறுக்கு விசை சற்றுக் கூடியே இருக்கிறது. மாறாக, பழைய 5.5 விகிதத்தையே வைத்துக்கொண்டால் 28.6ஐ 5.5ஆல் பெருக்க 157 ஆகிறது. கீழ் கியரில் ஏற்றமேறும்போது இது மேலும் பல மடங்காகப் பெருகி, பின் அச்சுத் தண்டை முறித்துவிடக்கூடும். ஆகவே விகித மாற்றம் வேகத்துக்காக மட்டுமன்று. அச்சின் பாதுகாப்புக்காகவுமே வேண்டப்படுகிறது.

இணைப்பில் வேண்டும் நுட்பம்

எஞ்சினும் கியர் பெட்டியும் வெவ்வேறு வண்டிகளைச் சேர்ந்தவையாயின், இடையே ஓர் இணைப்புத் தகடு கடைந்து பொருத்தவேண்டும். எஞ்சின் தண்டின் மையமும் கியர் பெட்டித் தண்டின் மையமும் ஒரே கோட்டில் அமையவேண்டும். கண்ணால் பார்த்து இதனை உறுதி செய்ய இயலாது; முள் சுழலும் அளவுமானியை ஃபிளைவீலில் பொருத்திச் சுழற்றிப் பார்த்தே அறியவேண்டும். ஒரு மில்லிமீட்டரில் சில பத்தில் ஒரு பங்கு விலகினாலும் பேரிங்குகள் விரைவில் தேயும். கியர் தானே நழுவி வெளிவரும்.

எஞ்சினின் நீளமும் உயரமும் மாறுவதால், பின் அச்சுக்குச் செல்லும் தண்டின் நீளமும் சாய்வும் மாறுகின்றன. அத்தண்டின் இரு முனைகளிலும் உள்ள மூட்டுகள் சமமான கோணத்தில் அமையவேண்டும். இல்லையேல், குறிப்பிட்ட வேகத்தில் வண்டி முழுவதும் அதிரும். நீளத்தை மாற்றிய தண்டைச் சமநிலைப்படுத்தும் யந்திரத்தில் ஏற்றிச் சோதிக்காமல் வண்டியில் மாட்டலாகாது.

டீசல் எஞ்சினின் துடிப்பு பெட்ரோல் எஞ்சினினும் வலிது. ஆகவே தாங்கு ரப்பர்களும் லாரியினுடையவையாகவே இருத்தல் நலம். தாங்கிகளை அடிச்சட்டத்தில் பற்றவைக்கும்போது, சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளில் துளையிடுவதையும் குறுக்காகப் பற்றவைப்பதையும் தவிர்க்கவேண்டும். வளையும் சட்டத்தில் தகைவு மிகுந்திருப்பது அந்த விளிம்புகளிலேயே. வெடிப்பும் அங்கிருந்தே தொடங்கும்.

எஞ்சின் ஓட்டுநரின் அருகே, வண்டிக்குள்ளேயே அமைந்திருக்குமாயின் மற்றொரு கவனம் வேண்டும். எஞ்சின் மூடியின் இடுக்குகளும் புகைக் குழாயின் மூட்டுகளும் இறுக அடைபட்டிருக்கவேண்டும். உறங்குவோர் இருக்கும் வண்டியில் கசியும் புகை உயிருக்கே தீங்காகும்.

பெங்களூரின் உயரமும் எஞ்சினின் மூச்சும்

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்குக் காற்றழுத்தம் சென்னையில் இருப்பதைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. சிலிண்டருக்குள் செல்லும் காற்றும் அதே அளவு குறைகிறது. பம்பு பீச்சும் டீசலின் அளவோ குறைவதில்லை. போதிய காற்றின்றி எரியும் டீசல் கரும்புகையாக வெளிவருகிறது. ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் காற்று ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்துவிடும். வெளியேறும் புகையின் விசையால் சுழன்று காற்றை அமுக்கித் தரும் டர்போ அமைப்பு உள்ள எஞ்சினில் இக்குறை பெரிதும் ஈடுசெய்யப்படுகிறது. அஃதில்லாத எஞ்சினில், திறன் கூடவேண்டுமென்று பம்பைத் திருகி டீசலை அதிகமாக்குவது புகையை மட்டுமே பெருக்கும்.

நீர் கொதிக்கும் உஷ்ணமும் உயரத்துக்கேற்பக் குறைகிறது. பெங்களூரில் திறந்த பாத்திரத்து நீர் ஏறத்தாழ 97 டிகிரியில் கொதிக்கும். ரேடியேட்டரின் மூடி உள்ளே அரை வளிமண்டல அழுத்தத்தைக் கூடுதலாகத் தேக்கிவைக்குமாயின், கொதிநிலை 109 டிகிரி அளவுக்கு உயரும். மூடியின் ரப்பர் கிழிந்திருந்தால் இந்தப் பாதுகாப்பு முழுவதும் போய்விடும். லாரி எஞ்சினுக்கு லாரியின் ரேடியேட்டரே ஏற்றது. பழைய சிறிய ரேடியேட்டரைக் கொண்டு சமாளிக்கும் வண்டி சமவெளியில் ஓடும். முதல் ஏற்றத்திலேயே கொதிக்கும்.

எரிபொருள் பாதையும் மின்சாரமும்

டீசல் பம்பின் உறுப்புகள் மிக நுட்பமான இடைவெளியுடன் கடையப்பட்டவை. தூசியும் நீர்த்துளியும் அவற்றுக்குப் பகை. பழைய பெட்ரோல் டாங்கியின் துருவும் கசடும் சில நாட்களிலேயே பம்பையும் நாசில்களையும் பழுதாக்கிவிடும். புதிய டாங்கி அமைப்பது நன்று. அதில் நாசில்களிலிருந்து மிஞ்சித் திரும்பும் டீசலுக்கு ஒரு தனிக்குழாயும், வழியில் நீரைப் பிரிக்கும் ஃபில்டரும் இருக்கவேண்டும். பழைய பெட்ரோல் டாங்கியைப் பற்றவைக்க முயலுதல் ஒருபோதும் கூடாது. காலியெனத் தோன்றும் டாங்கியில் எஞ்சியுள்ள ஆவி வெடித்து உயிரைப் பறிக்கும்.

பல லாரி எஞ்சின்களின் ஸ்டார்ட்டர் 24 வோல்ட்டில் இயங்குவது. பழைய வண்டியின் விளக்குகளும் மின்விசிறிகளும் 12 வோல்ட்டுக்கு உரியவை. இவை இரண்டையும் ஒரே சுற்றில் கலந்துவிடாமல் தனித்தனியே அமைத்தல் வேண்டும்.

பழைய லாரி எஞ்சின்களின் பம்பு முற்றிலும் யந்திர முறையில் இயங்குவது. ஆதலால் அவற்றைத் தனியே எடுத்து வேறு வண்டியில் பொருத்துவது எளிதாயிருந்தது. 2020ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் ஆறு நியமங்களுக்கு இணங்கிய எஞ்சின்களோ மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி, உணர்கருவிகள், புகையைத் தூய்மை செய்யும் கலங்கள் ஆகியவை சேர்ந்த ஒரே தொகுதி. அவற்றுள் ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றைப் பொருத்த இயலாது.

எல்லாவற்றினும் முதன்மையானது பிரேக்

எஞ்சினை மாற்றுவோர் எளிதில் மறந்துவிடுவதும், மறந்தால் உயிர்ச்சேதத்தில் முடிவதுமான செய்தி ஒன்றுண்டு. நடுத்தர அளவுள்ள பெட்ரோல் வண்டிகள் பலவற்றில், ஓட்டுநரின் கால் விசைக்குத் துணையாக வெற்றிட உதவிக் கலம் ஒன்று பிரேக்குடன் இணைக்கப்பட்டுள்ளது. பெட்ரோல் எஞ்சினில் காலை எடுத்தவுடன் காற்று நுழையும் வழி மூடிக்கொள்கிறது. பிஸ்டன்கள் உறிஞ்சுவதால் உட்குழாயில் அழுத்தம் வெகுவாகக் குறைகிறது. இந்தப் பகுதி வெற்றிடமே உதவிக் கலத்தை இயக்குகிறது.

அக்கலத்தின் தோல் தகடு 25 சென்டிமீட்டர் விட்டமுள்ளதாயின் அதன் பரப்பு 491 சதுர சென்டிமீட்டர். இருபுறத்து அழுத்த வேறுபாடு சதுர சென்டிமீட்டருக்கு 0.6 கிலோகிராம் எனக் கொண்டால், ஓட்டுநருக்குக் கிடைக்கும் துணைவிசை ஏறத்தாழ 295 கிலோகிராம். பலசாலியான மனிதரும் தம் காலால் தொடர்ந்து தர இயலாத விசை இது.

டீசல் எஞ்சினில் காற்று வழியை மூடும் கதவு பொதுவாகக் கிடையாது. ஆகவே உட்குழாயில் வெற்றிடம் உண்டாவதில்லை. பழைய உதவிக் கலத்தின் குழாயைப் புதிய எஞ்சினின் உட்குழாயில் இணைத்தால் அக்கலம் செயலற்ற தகரமே. கொட்டகைக்குள் மெல்ல நகர்த்திப் பார்க்கும்போது பிரேக் பிடிப்பதாகவே தோன்றும். குறை வெளிப்படுவது இறக்கத்தில்தான். எனவே எஞ்சினால் சுழற்றப்படும் தனி வெற்றிடப் பம்பு, வெற்றிடத்தைத் தேக்கும் கலம், ஒருவழி வால்வு, வெற்றிடம் குறைந்தால் ஒலிக்கும் எச்சரிக்கை மணி ஆகிய நான்கும் அமைந்த பின்னரே வண்டி சாலைக்கு வரவேண்டும். காற்றழுத்தப் பிரேக் உள்ள லாரியின் எஞ்சினாயின், அதன் அமுக்கியுடன் பிரேக் அமைப்பு முழுவதையும் தகுதியுள்ளோரைக் கொண்டு மாற்றிக்கொள்வது மற்றொரு வழி.

இதனுடன் தொடர்புடைய வேறொன்றும் உண்டு. இறக்கத்தில் காலை எடுத்தவுடன் பெட்ரோல் எஞ்சின் வண்டியைப் பின்னிழுப்பது ஓட்டுநர்கள் அறிந்ததே. காற்று வழி திறந்தேயிருக்கும் டீசல் எஞ்சினில் இப்பின்னிழுப்புக் குறைவு. அதனாற்றான் லாரிகளில் புகைக் குழாயை மூடித் தடுக்கும் பிரேக் அமைக்கப்படுகிறது. எஞ்சினை எடுக்கும்போது அதனையும் சேர்த்து எடுத்துக்கொள்ளவேண்டும்.

ஆறு டன் எடையுள்ள வண்டி 600 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், ஏறத்தாழ ஒரு லிட்டர் டீசல் முழுவதும் எரிந்து தரும் வெப்பத்துக்கு இணையானது. சத்தியமங்கலத்துக்கும் சாமராஜநகருக்கும் இடையே, 27 கொண்டையூசி வளைவுகள் கொண்ட திம்பம் மலைப்பாதையில் இறங்கும் வண்டியின் பிரேக் டிரம்கள் இத்தகைய வெப்பத்தைத்தான் காற்றில் விட்டாகவேண்டும். எஞ்சின் உதவாவிடின் வெப்பம் முழுவதும் டிரம்களில் சேரும். சூடேறிய பிரேக் பிடியிழக்கும். ஏறிய கியரிலேயே இறங்கவேண்டும் என்ற பழைய பாடம், எஞ்சின் மாற்றிய வண்டிக்கு இருமடங்கு பொருந்தும்.

சட்டம் கூறுவது

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டவற்றுக்கு மாறுபடும் வகையில் வண்டியை மாற்றியமைப்பதைத் தடை செய்கிறது. எரிபொருளை மாற்றுவதற்கு அங்கீகாரம் பெற்ற கருவித் தொகுதிகளைக் கொண்டு, நிபந்தனைகளுக்கு உட்பட்டு இடமுண்டு. 2019ஆம் ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இப்பிரிவின் கண்டிப்பை உறுதி செய்தது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் முன் அனுமதியின்றி எஞ்சினை மாற்றி ஓட்டுவோர் விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் பாதுகாப்பையும் இழக்க நேரலாம். பட்டறையில் எஞ்சினைத் தூக்குவதற்கு முன்பே அலுவலகத்தில் எழுத்து மூலமான அனுமதி பெறுவது முறை.

அரசாங்க வண்டிகளைப் பொறுத்தவரை வேறொரு விதியும் உண்டு. முதற் பதிவிலிருந்து பதினைந்து ஆண்டுகள் கடந்த மத்திய, மாநில அரசு வண்டிகளின் பதிவு 2023ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியிலிருந்து புதுப்பிக்கப்படுவதில்லை. அத்தகைய வண்டிக்குப் புதிய எஞ்சின் வாங்கச் செலவிடும் பொதுப்பணம் வீணேயாகும். வெளியூர்ப் பணியில் உள்ளோர், மாற்றத்துக்கான கோரிக்கை அனுப்புமுன் பதிவுச் சான்றின் தேதியை முதலில் பார்த்தல் நன்று.

மாற்றம் தகுமா?

கணக்கொன்று இதனைத் தெளிவாக்கும். பெட்ரோலில் லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடிய வண்டி டீசலில் 6 கிலோமீட்டர் ஓடும் என வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 60,000 கிலோமீட்டர் ஓடும் லாரி 15,000 லிட்டருக்குப் பதிலாக 10,000 லிட்டரே செலவிடும். மிச்சம் 5,000 லிட்டர். ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டர் மட்டும் ஓடும் வீட்டு வண்டியில் மிச்சம் 500 லிட்டர். எஞ்சினையும் அச்சையும் பிரேக்கையும் முறைப்படி மாற்றும் செலவு 5,000 லிட்டர் எரிபொருளின் விலைக்குச் சமமாகுமாயின், லாரிக்காரர் ஓராண்டில் அதனை மீட்பார். வீட்டு வண்டிக்காரர் பத்தாண்டு காத்திருக்கவேண்டும். 1950களில் லாரி உரிமையாளர்கள் டீசலுக்கு விரைந்து மாறியதும், எப்போதாவது ஓடும் வண்டிகள் பெட்ரோலிலேயே நெடுநாள் நீடித்ததும் இக்கணக்கினாலேயே.

ஆதலின் எரிபொருள் மிச்சத்தை மட்டும் கருதி இவ்வேலையில் இறங்குவது பொருந்தாது. கூண்டும் சட்டமும் உண்மையிலேயே உறுதியாக இருத்தல், பழைய எஞ்சினுக்கு உதிரிப்பாகம் கிடைக்காமை, சட்ட அனுமதி கிடைத்தல், அச்சு முதல் பிரேக் வரை அனைத்தையும் மாற்றப் பொருள் வசதி இருத்தல் ஆகிய நான்கும் கூடினால் மட்டுமே மாற்றம் தகும். நான்கில் ஒன்று குறையினும், பழைய எஞ்சினையே செப்பனிடுவதோ வேறு வண்டி வாங்குவதோ மேல்.

வகுப்பறைக்குச் சில பயிற்சிகள்

இப்பொருளை ஆசிரியர்கள் பல பாடங்களுக்குப் பயன்படுத்தலாம். சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்து வேகமாக அமுக்கச் செய்து, அமுக்கமும் உஷ்ணமும் தொடர்புடையவை என்பதை உணர்த்தலாம். சைக்கிளின் முன் பற்சக்கரத்தையும் பின் பற்சக்கரத்தையும் எண்ணச் செய்து, பல் விகிதத்தைக் கணக்கிடச் செய்யலாம். மரச்சட்டமும் இரு தராசுகளும் கொண்டு, தாங்குபுள்ளிக்கு வெளியே வைத்த எடை ஒரு தராசில் தன்னிலும் அதிகமாகக் காட்டுவதையும், மற்றொன்றில் குறைப்பதையும் நேரில் காட்டலாம். ஊசியில்லாத இரு மருந்துக் குழல்களை ரப்பர்க் குழாயால் இணைத்து, ஒன்றை இழுக்கும்போது மற்றொன்றின் பிஸ்டன் தானே உள்ளிழுக்கப்படுவதைக் காட்டி, வெற்றிட உதவிக் கலத்தின் செயலை விளக்கலாம். பெங்களூருக்கு மாணவரை அழைத்துச் செல்வோர், கஸ்தூரிபா சாலையில் 1962ஆம் ஆண்டு திறக்கப்பட்ட விசுவேசுவரய்யா தொழில், தொழில்நுட்பக் காட்சிசாலையின் எஞ்சின் கூடத்தில் எஞ்சின்களின் அமைப்பை நேரிலே காட்டலாம்.

ஒரு வண்டியில் ஓர் உறுப்பை மாற்றும்போது அதனைச் சார்ந்த எல்லா உறுப்புகளின் கணக்கும் மாறுகிறது. எஞ்சின் வண்டியை ஓடச் செய்கிறது. பிரேக்கோ அதில் பிரயாணம் செய்வோரை வீடு சேர்க்கிறது. ஆகவே லாரி எஞ்சின் பொருத்திய வண்டியை ஏற்றுக்கொள்ளும் அலுவலர், எஞ்சினின் ஓசையைக் கேட்பதற்கு முன்பாக, எஞ்சினை நிறுத்திவிட்டு பிரேக்கை மூன்று நான்கு முறை மிதித்து உதவிக் கலத்தில் உள்ள வெற்றிடத்தைத் தீர்க்கவேண்டும். பின்னர் மிதியின்மேல் காலை வைத்தபடியே எஞ்சினை இயக்கவேண்டும். மிதி காலடியில் சற்றே தாழ்ந்து கொடுத்தால் வெற்றிடப் பம்பு வேலை செய்கிறது. தாழாவிடில், அக்குறையைத் தீர்க்கும்வரை வண்டி கொட்டகையை விட்டு வெளியேறுதல் கூடாது.